கை அறிந்த கார்

யாழ்ப்பாணத்தான் பழசை விடமாட்டான் என்று ஒரு பேச்சு உண்டு. கொழும்பிலிருந்து வருபவர்கள் சொல்கிறார்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து விடுமுறைக்கு வரும் எங்கள் பிள்ளைகளும் சொல்கிறார்கள். ஆசுப்பத்திரி வீதியிலோ சுன்னாகச் சந்தையடியிலோ ஒரு ஒஸ்ரின் ஏ40 நின்றால் போதும், பக்கத்தில் நின்று படம் எடுத்துவிட்டு இதைத்தான் முதலில் சொல்வார்கள். கோண்டாவிலில் கராச் வைத்து அந்தக் கார்களோடேயே வயது போனவன் நான். அந்தப் பேச்சு பிழை. எங்கள் சனம் புதுசுக்குப் பயந்ததை நான் கண்டதில்லை. கைக்குப் பிடிபடாத புதுசை ஒதுக்கியதைக் கண்டிருக்கிறேன். கைக்குப் பிடிபட்ட புதுசை ஒரே இரவில் ஏற்றுக்கொண்டதையும் கண்டிருக்கிறேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தக் கார்களை வைத்துத்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

முதலில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். இன்று எங்களுக்குப் பழமையின் உருவமாகத் தெரியும் இந்தக் கார்கள் பிறந்தபோது கண்ணை உறுத்தும் புதுமைகள். மொறிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், துருக்கியின் இஸ்மிர் நகரில் பிறந்தவர். பின்னாளில் மினி காரைச் செய்தவரும் அவரே. அதுவரை ஆங்கிலக் கார் என்றால் மட்காட் தனி, முகவிளக்குத் தனி, நிமிர்ந்த றேடியேற்றர் தனி என்று ஒவ்வொரு உறுப்பும் பிரிந்து நிற்கும். இசிகோனிஸ் எல்லாவற்றையும் ஒரே உருண்டைக்குள் இழைத்துவிட்டார். கொம்பனியின் அதிபர் நஃபீல்ட் பிரபுவுக்கு அது பிடிக்கவேயில்லை. உடைத்து வெந்நீரில் ஊற்றிய முட்டை என்று திட்டினார். வாழ்நாள் முழுக்கக் கார் செய்தவரின் கண்ணே அந்த உருவத்தை ஏற்க மறுத்தது.

அந்தக் காரில் ஒரு இடத்தை என்னிடம் வேலை பழக வரும் பொடியங்களுக்கு நான் எப்போதும் தொட்டுக் காட்டுவேன். பொனற்றின் நடுவில், கண்ணாடியிலிருந்து மூக்கு வரை, நாலு அங்குல அகலத்தில் ஒரு தட்டையான மேடு ஓடும். கையை இடப்பக்கத்து வளைவிலிருந்து வலப்பக்கம் கொண்டுபோனால் நடுவில் ஒரு சமதளம் தட்டுப்பட்டு, பிறகு மற்ற வளைவு இறங்கும். உற்பத்தி தொடங்கும் வேளையில் கார் ஒடுக்கமாக இருப்பதாக இசிகோனிசுக்குப் பட்டது. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டச் சொல்லி, இரண்டு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கி, இதுதான் சரி என்று கண் சொன்ன இடத்தில் நிறுத்தினார். நாலு அங்குலம் கூடியிருந்தது. அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்துவிட்டபடியால் தொடக்ககால மைனர்களில் பம்பரையும் நடுவே அறுத்து, இடையில் ஒரு துண்டு வைத்துப் பூட்டினார்கள். நான் மைனர் பொனற் தட்டி நிமிர்த்தும்போதெல்லாம் அந்த மேட்டைக் குலையாமல் வைத்திருக்கப் பாடுபடுவேன். ஒரு மனிதன் தன் கண்ணை நம்பி எடுத்த முடிவு அந்தத் தகட்டில் அப்படியே நிற்கிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் றேமண்ட் லோவி என்ற வடிவமைப்பாளர் இந்தச் சங்கதியை ஒரு விதியாகவே எழுதினார். பாரிசில் பிறந்து, ரயில் எஞ்சின், குளிர்சாதனப் பெட்டி, கார் என்று எத்தனையோ பொருள்களுக்கு உருவம் கொடுத்தவர். சனம் புதுமைக்கு ஆசைப்படும், ஆனால் பழக்கமானதிலிருந்து ஓரளவுக்கு மேல் விலகினால் பின்வாங்கும். வடிவமைப்பவன் ஏற்கத்தக்க எல்லைக்குள் எவ்வளவு முன்னே போகலாமோ அவ்வளவு போக வேண்டும் என்பது அவர் வாதம். மொறிஸ் மைனர் அந்த எல்லைக்குச் சற்று வெளியே பிறந்து, பார்க்கப் பார்க்க உள்ளே வந்தது. ஆங்கிலக் கார்களில் முதன்முதலில் பத்து இலட்சம் விற்றது அதுதான்.

ஒஸ்ரின் ஏ40 சோமசெற் 1952 முதல் 1954 வரைதான் செய்யப்பட்டது. அதுவும் உருண்டை. 1,200 சிசி எஞ்சின், ஸ்ரியறிங் தண்டிலேயே கியர், பொனற் நுனியில் சிறகு விரித்த ஏ எழுத்து, கதவுத் தூணிலிருந்து வெளியே எழும் செம்மஞ்சள் கைகாட்டி. டொக்ரர்மார், அப்புக்காத்துமார், மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பியவர்கள், சுருட்டு வியாபாரிகள்: இவர்கள்தான் முதலில் வாங்கினார்கள். பிறகுதான் அவை வாடகைக் கார்களாகி, ஊர்ச் சந்திகளில் வேம்பின் கீழ் வரிசையில் நின்றன.

நின்றவை நின்றபடியே நின்றுபோனதற்குக் காரணம் யாழ்ப்பாணத்தானின் குணம் அல்ல, நாட்டின் கஜானா. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியது. கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தபின் வாசல் இன்னும் இறுகியது. வெங்காயம், மிளகாய் இறக்குமதியும் நின்றது. அது எங்கள் தோட்டக்காரருக்கு வாழ்வு கொடுத்த காலம். கோண்டாவில், ஊரெழு, புன்னாலைக்கட்டுவன் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் செத்தல் மிளகாயும் கொழும்புக்கு லொறி லொறியாகப் போயின. தோட்டக்காரர் கையில் முதன்முறையாகக் கார் வாங்கும் காசு வந்தது. வாங்கப் புதுக் கார் நாட்டில் இல்லை. டொக்ரரின் சோமசெற்றும் அப்புக்காத்தரின் மைனரும் தோட்டக்காரரின் கொட்டிலுக்கு இடம் மாறின. நான் வேலை பழகத் தொடங்கியது அந்த நாட்களில்தான். பின்சீற்றைக் கழற்றி வெங்காய மூட்டை ஏற்றிய சோமசெற்றுகளின் வில்லுத் தகடுகளைத்தான் முதலில் மாற்றப் பழகினேன்.

இந்தியாவிலும் இதே கதைதான். மொறிஸ் ஒக்ஸ்போட்டின் மூன்றாம் வகையை எடுத்து அம்பாசடர் என்று பெயரிட்டு 1950களின் கடைசியில் செய்யத் தொடங்கினார்கள். 2014 வரை அந்த உருவம் பெரிதாக மாறவில்லை. வேறு தெரிவு இல்லாமல் வாங்கிய காரை ஒரு முழு நாடு தன் குடும்பத்தில் ஒருவராக நினைக்கத் தொடங்கிவிட்டது.

இப்படி நடப்பது ஏன் என்பதை றொபேட் சையன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் ஆராய்ந்து எழுதினார். போலந்தில் பிறந்து அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தவர். சீன எழுத்துப் போன்ற கோடுகளையும் பொருளற்ற சொற்களையும் முன்பின் தெரியாத முகங்களையும் ஆட்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஒரு தரம், சிலவற்றை இருபத்தைந்து தரம் வரை. பிறகு எது நல்லதைக் குறிக்கிறது, எந்த முகம் பிடித்திருக்கிறது என்று கேட்டார். அதிகம் பார்த்ததையே அதிகம் பேர் நல்லது என்றார்கள். யாரும் எதையும் விளங்கப்படுத்தவில்லை, எந்தப் பரிசும் கொடுக்கவில்லை. பார்த்த எண்ணிக்கை மட்டுமே விருப்பத்தை வளர்த்தது.

என் மகள் தொண்ணூறுகளில் ஆரம்பப் பள்ளிக்கூடம் போனவள். அவள் சித்திரக் கொப்பியில் கார் வரைந்தால் அது உருண்டை முதுகோடும், மட்காட்டின் மேல் முட்டை விளக்குகளோடும்தான் வரும். கனடாவிலிருந்து வந்த கடிதத்துக்குள் அவளுடைய வயதே உள்ள மச்சாள் ஒருத்தி வரைந்து அனுப்பிய கார் முழுக்கப் பெட்டியாக இருந்தது. மகள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பா, இது லொறியோ?" என்று கேட்டாள். அவளுக்குக் கார் என்றால் சோமசெற். அவளை அப்படி ஆக்கியது எங்கள் றோட்டு.

பழக்கம் விருப்பமாகும் என்பதற்கு எல்லை உண்டு. 1957 தொடக்கத்தில் வாகன இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து வந்தது. அதுவரை ஈ.எல், ஈ.என் என்று ஆங்கில எழுத்துகளோடு ஓடிய நாடு. தகட்டின் அளவும் நிறமும் அல்ல, ஒரே ஒரு எழுத்துத்தான் கேள்வி. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958இல் அந்த எழுத்தோடு பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டபோது சனம் அதன் மேல் தார் பூசியது. சிறைக்கும் போனது. எத்தனை தரம் காட்டினாலும் ஒரு எழுத்தின் மேல் விருப்பம் வராது, அது உன்னைக் கேளாமல் உன் கதவில் ஒட்டப்பட்டிருந்தால். சையன்சின் பரிசோதனையில் யாருடைய மானமும் பணயம் வைக்கப்படவில்லை. இதை நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பொருளின் உருவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கண்ணைப் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். பொருளை யார் கொடுத்தார், கேட்டுக் கொடுத்தாரா, திணித்தாரா என்பதையும் சனம் பார்க்கிறது.

1977இல் ஜே. ஆர். ஜயவர்த்தன வாசலைத் திறந்தார். ஜப்பான் கார்கள் வந்தன. கொழும்பின் முகம் சில வருடங்களில் மாறியது. யாழ்ப்பாணத்துக்கும் டட்சன் கார்களும் ரொயோட்டா வான்களும் வந்தன, எங்கள் ஆட்கள் ஆசையோடுதான் வாங்கினார்கள். கைகாட்டி தேவையில்லை, ஹாண்டில் சுழற்ற வேண்டியதில்லை, மழை நாளிலும் ஒரே திருப்பில் ஸ்ராட். ஏ40கள் கொட்டில்களுக்குள் போயின. சிலது கோழிக்கூடாகவும் ஆகியது. பழசை விடமாட்டான் என்ற பேச்சை நம்புகிறவர்கள் அந்தக் கோழிகளைப் பார்த்திருக்க வேண்டும்.

அதற்குள் 1983 இனக்கலவரம் வந்துவிட்டது. பிறகு 1990 ஜூன்.

இரண்டாம் ஈழப்போர் மூண்டதும் குடாநாட்டுக்குள் பெற்றோலும் டீசலும் வருவது நிறுத்தப்பட்டது. மின்சாரம் இல்லை. பற்றறியும் தடை. சைக்கிள் டைனமோவை மிதித்து றேடியோக் கேட்டோம், ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து விளக்குக் கொளுத்தினோம். மண்ணெண்ணெய் மட்டும், விலை ஏறி இறங்கி, கிடைத்தது. அந்த மண்ணெண்ணெயில் கார் ஓடியது. உலகத்தில் வேறெந்த ஊரும் இவ்வளவு கார்களை இவ்வளவு காலம் இப்படி ஓட்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இதை வெளியூரார் கேட்டால் அதிசயிக்கிறார்கள். எங்களுக்கு அது அதிசயமாக இருக்கவில்லை, அதற்குக் காரணம் வெங்காயத் தோட்டம். துலா மிதித்து இறைத்த கிணறுகளுக்கு ஐம்பதுகளிலிருந்தே இறைப்பு மிசின் வரத் தொடங்கிவிட்டது. அந்த மிசின்களுக்கு இரண்டு தாங்கி. சின்னத் தாங்கியில் பெற்றோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெற்றோலில் ஸ்ராட் செய்து, எஞ்சின் சூடேறியதும் பைப்பைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இறைப்பு முடிய, நிற்பாட்டுவதற்குச் சற்று முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும். அப்போதுதான் காபரேற்றருக்குள் பெற்றோல் நிற்கும், அடுத்த நாள் விடிய மிசின் எழும்பும். எங்கள் தோட்டங்களில் பத்து வயதுப் பொடியனுக்கும் இது தெரியும். ஆக, 1990இல் ஒரு காரின் பொனற்றைத் திறந்து, "இதுக்கும் ரெண்டு தாங்கி வைப்பம்" என்று நான் சொன்னபோது, கார்க்காரர் ஒருவரும் இது என்ன விசர்க் கதை என்று கேட்கவில்லை. அவர்களுடைய கிணற்றடியில் முப்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்த சங்கதி அது. இடம்தான் புதிது.

நான் செய்த விதத்தைச் சொல்கிறேன். மண்ணெண்ணெய் லேசில் ஆவியாகாது, ஆவியானாலும் அமுக்கம் கூடினால் நேரகாலத்துக்கு முன்னமே வெடித்து எஞ்சினைத் தட்டும். சோமசெற்றின் எஞ்சினில் காற்று ஏழு மடங்கு சொச்சம்தான் அமுக்கப்படும். அந்தத் தாழ்ந்த அமுக்கம்தான் எங்களைக் காப்பாற்றியது. ஜப்பான் பெற்றோல் எஞ்சின்களில் அமுக்கம் கூட. அவை மண்ணெண்ணெயில் தட்டித் தட்டிப் பிஸ்ரனை உடைத்துக்கொண்டன. டீசல் வான்கள் மண்ணெண்ணெயில் கொஞ்சம் எண்ணெய் கலந்தால் ஓடும், ஆனால் பம் வழுவழுப்பின்றித் தேய்ந்துபோகும். ஒஸ்ரினுக்கு அந்த வில்லங்கங்கள் இல்லை. செப்புக் குழாயை எக்சோஸ்ற் கிளையின் மேல் மூன்று நாலு சுற்றுச் சுற்றி, மண்ணெண்ணெயை அதற்குள்ளால் விட்டுச் சூடாக்கி, பிறகு காபரேற்றருக்குக் கொடுப்பேன். பெற்றோலுக்கு ஒரு சின்னப் போத்தலை டாஷ்போட்டின் கீழ் கட்டித் தொங்கவிட்டு, கழித்துவிட்ட சேலைன் குழாய் ஒன்றால் இறக்குவேன். அந்தக் குழாய் பெற்றோல் பட்டுச் சில கிழமைகளில் விறைத்துவிடும், வேறு போட வேண்டும். இரண்டு எண்ணெயையும் மாற்றுவதற்கு இறைப்பு மிசினில் இருந்த அதே பித்தளைப் பைப்.

அந்தப் பைப்பை எங்கே பூட்டுவது என்பதில்தான் நான் படித்தது அதிகம். எஞ்சினுக்குப் பக்கத்தில், பொனற்றுக்குள் பூட்டுவதுதான் இலகு. குழாயும் மிச்சம். அப்படித்தான் முதலில் செய்து கொடுத்தேன். ஓட்டுபவர்கள் விரும்பவில்லை, ஒவ்வொரு முறையும் இறங்கிப் பொனற் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே டாஷ்போட்டுக்குக் கீழே, இடக்கைக்கு எட்டும் இடத்தில் கொண்டுவந்தேன். அப்போதும் ஒருவர், தோட்டம் செய்து பிறகு வாடகைக் கார் ஓட்டியவர், திருப்தியில்லாமல் நின்றார். "தம்பி, மிசினிலை மண்ணெண்ணெய்க்கு இந்தப் பக்கம் அல்லோ திருப்பிறது" என்றார். நான் எதிர்த்திசையில் பூட்டியிருந்தேன். அந்தக் காரின் பைப்பைத் திருப்பிப் பூட்டிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு வந்த எல்லாக் கார்களிலும் மிசினின் திசையையே வைத்தேன். இருட்டில், பின்சீற்றில் பிள்ளைப்பேற்று வலியோடு ஒரு பெண் கிடக்க, யாழ்ப்பாண ஆசுப்பத்திரிக்கு ஓடுகிறவனின் கை யோசிக்கக்கூடாது. கிணற்றடியில் பழகிய திசைக்கே அது தானாகப் போக வேண்டும். லோவி சொன்ன எல்லை கண்ணுக்கு மட்டும் உரியது அல்ல என்பதை அந்த மனிதரிடம்தான் கற்றேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவர் வடிவமைப்புப் படிப்பித்திருக்கலாம்.

வெள்ளைப் புகை வந்தது, கண் எரிந்தது, சட்டையெல்லாம் மணந்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதைத் தண்ணீராக்கியது; மாற்றுவதற்கு ஒயிலும் இல்லாதபடியால் பழைய ஒயிலைத் துணியில் வடித்து மறுபடி ஊற்றினோம். இவ்வளவும் இருந்தும் சனம் அந்தக் கார்களில் ஏறியது. மூன்று நாலு குடும்பங்கள் ஒரே காரில் ஏறின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது நாவற்குழிப் பாலத்தில் மனிதரோடு மனிதராக அந்த ஒஸ்ரின்களும் அங்குலம் அங்குலமாக நகர்ந்தன. அன்று மழை. எஞ்சின் நிற்கக்கூடாது என்று பெற்றோல் போத்தலைக் கையில் பிடித்தபடி நின்ற கார்க்காரரை எனக்குத் தெரியும். அந்த இரவைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம். ஏப்ரல் 8ஆம் திகதி யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்தது. இனி நடந்ததைக் கவனிக்க வேண்டும். முப்பது நாற்பது வருடம் ஒரே உருவத்தைப் பார்த்துப் பழகிய கண்கள். சையன்சின் கணக்குப்படி எங்கள் சனம் உருண்டைக் கார்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. இந்திய மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் பாதை வழியே வரத் தொடங்கிய கையோடு சந்திகளின் வரிசை மாறியது. பழகியது அலுத்தும் போகும். அதுவும் மனித மனத்தின் மறுபாதி. கனடாவைச் சேர்ந்த பேலைன் என்ற உளவியலாளர் எழுபதுகளில் இதைச் சொல்லியிருக்கிறார்: முற்றிலும் புதிதும் பிடிக்காது, முற்றிலும் பழகியதும் பிடிக்காது, இரண்டுக்கும் நடுவில்தான் இன்பம். எங்களுக்கு அலுப்பு மட்டுமல்ல, அந்தக் கார்களோடு போர்க்காலமும் சேர்ந்து ஏறியிருந்தது. மண்ணெண்ணெய் மணம் மூக்கில் பட்டால் இப்போதும் சிலருக்கு நெஞ்சு படபடக்கும். சனம் அதிலிருந்து இறங்க விரும்பியதில் எந்தப் பிழையும் இல்லை.

ஓட்டோ ஏன் அவ்வளவு விரைவாகப் பிடித்தது என்றால் அதையும் திறந்து பார்க்கலாம். எஞ்சின் சீற்றுக்குக் கீழே. பிளக் எங்கே, காபரேற்றர் எங்கே என்று ஒரு பார்வையில் தெரியும். எங்கள் பொடியங்கள் ஒரு கிழமையில் பழகிவிட்டார்கள். உருவம் முற்றிலும் புதிது, உள்ளே இருந்தது தெரிந்த சாமான்.

சனம் உண்மையாகத் தயங்கி நின்றதை நான் கண்டது போர் முடிந்து சில வருடங்களின் பின், ஹைபிரிட் கார்கள் வந்தபோது. உருவத்தில் அவை சாதாரண ஜப்பான் கார்கள், கண்ணுக்கு எந்த வில்லங்கமும் இல்லை. தயக்கம் காதில் இருந்தது. முன்னர் மொறிஸ் மைனர் வைத்திருந்த பெரியவர் ஒருவருக்கு மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார். கராச்சுக்குக் கொண்டுவந்து, பொத்தானை அமத்தினார், நிறுத்தினார், மறுபடி அமத்தினார். "என்ன தம்பி, ஸ்ராட் வரேல்லையே?" கார் ஓடத் தயாராகத்தான் நின்றது. மின்கலத்தில் நிற்கும்போது அதற்குச் சத்தமில்லை. மைனரில் சாவியைத் திருப்பினால் பொனற்றுக்குள் உள்ள மின்சாரப் பெற்றோல் பம் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கும். அந்த டிக் டிக் அடங்கிய பிறகுதான் ஸ்ராட் இழுப்பார்கள். கார் தன் நிலையைச் சொல்லும், ஓட்டுபவர் கேட்டுப் பதில் செய்வார். இந்தப் புதுக் கார் ஒன்றும் சொல்லவில்லை, ஒரு சின்ன விளக்கை மட்டும் எரியவிட்டது. அவருக்குப் பக்கத்தில் இருந்து, அந்த விளக்கு எரிந்தால் மைனரின் டிக் டிக் அடங்கிய மாதிரி என்று சொன்னேன். அதன் பிறகு அவர் இரண்டு தரம் அமத்தவில்லை. ஐரோப்பாவில் 2019 ஜூலை முதல் புதுவகை மின்சாரக் கார்களும் ஹைபிரிட்டுகளும் மெதுவாக ஓடும்போது செயற்கையாகச் சத்தம் எழுப்ப வேண்டும் என்று சட்டமாக்கியிருக்கிறார்கள். தெருவில் நடப்பவரின், முக்கியமாகக் கண் தெரியாதவரின் பாதுகாப்புக்காக. உள்ளே இருப்பவருக்கும் அந்தச் சத்தம் தேவை என்பது என் அனுபவம்.

வடிவமைப்பாளர்கள் பழைய உருவத்தைப் புதுப் பொருளுக்குப் போர்த்திவிட்டால் சனம் ஏற்கும் என்று நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மைனரில் 1961இல் கைகாட்டியை எடுத்துவிட்டு மின்னும் விளக்கு வைத்தார்கள். எங்கள் கார்க்காரர் பழைய கார்களுக்கும் மின்னும் விளக்குப் பூட்டித் தரச் சொன்னார்கள், ஆனால் கைகாட்டியைக் கழற்ற விடவில்லை. அழகுக்காக அல்ல. கைகாட்டி எந்தப் பக்கம் எழுந்தாலும் எதிரே வரும் மாட்டுவண்டிக்காரருக்கு விளங்கும். அவருக்கு மின்னும் விளக்கு அப்போது விளங்காது. மற்றவருக்கு விளங்குமா என்றே அவர்கள் பார்த்தார்கள். மாட்டுவண்டிகள் குறைந்த பிறகுதான் கைகாட்டிகளைக் கழற்றித் தரச் சொன்னார்கள். அதற்கு யாரும் நாள் குறிக்கவில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றது. 2022இல் பெற்றோல் வரிசை, ஜூலையில் கியூஆர் அட்டை. அறுபதுகளும் தொண்ணூறுகளும் சேர்ந்து திரும்பியதுபோல வயதானவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த நாட்களில் இளம் பொடியங்கள் சிலர் என்னிடம் வந்து, "அண்ணை, எங்கட வண்டியையும் மண்ணெண்ணெய்க்கு மாத்தலாமோ?" என்று கேட்டார்கள். பழைய காபரேற்றர் ஓட்டோ என்றால் முயன்று பார்க்கலாம் என்றேன். எரிபொருளைக் கணினி அளந்து பீச்சும் எஞ்சின் என்றால் முடியாது, அந்தக் கணினி ஏற்காது. அதுவும் அந்தக் கிழமைகளில் மண்ணெண்ணெய்க்கும் வரிசைதான். அவர்கள் முகத்தில் இருந்த ஏமாற்றம் பெற்றோலைப் பற்றியது மட்டுமல்ல. தங்கள் வண்டியைத் தாங்களே திறந்து ஒன்றும் செய்ய முடியாது என்பதை அன்றுதான் முதன்முதலாக அறிந்தார்கள்.

இப்போது தெற்கிலிருந்து ஆட்கள் வந்து இந்தக் கார்களை நல்ல விலைக்குக் கேட்கிறார்கள். கலியாண வீடுகளில் பொம்பிளை மாப்பிள்ளை வர அலங்கரித்த சோமசெற் ஒன்று வேண்டும் என்கிறார்கள். வாங்குகிறவர்கள் முதலில் செய்வது, மண்ணெண்ணெய்க் குழாய்களைக் கழற்றி எறிந்து, 1953இல் தொழிற்சாலையில் இருந்து வந்தபடி ஆக்குவது. அவர்களுக்கு அதுதான் பெறுமதி. எனக்கு அது பெரிய நட்டமாகத் தெரிகிறது. தொழிற்சாலைப் படம் இங்கிலாந்து நூலகங்களில் இருக்கிறது, எத்தனை பிரதி வேண்டுமானாலும் எடுக்கலாம். எக்சோஸ்ற்றில் சுற்றிய செப்புக் குழாயும், டாஷ்போட்டின் கீழ் பூட்டிய பித்தளைப் பைப்பும், அது திரும்பும் திசையும் எந்தக் காகிதத்திலும் இல்லை. சங்கானையிலும் நெல்லியடியிலும் சாவகச்சேரியிலும் ஒவ்வொரு கராச்சும் தன் முறையில் செய்தது. ஒருவர் முறையை மற்றவர் எழுதி வைக்கவில்லை, எழுதி வைக்கும் காலமாகவும் அது இருக்கவில்லை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகள் ஒரு அளவு நாடாவோடும் கொப்பியோடும் வந்தால், மண்ணெண்ணெய்க் குழாய்கள் கழற்றாமல் கிடக்கும் கார்கள் எந்தெந்தக் கொட்டில்களில் நிற்கின்றன என்று நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவேன். பைப் எந்த உயரத்தில், ஓட்டுபவரின் எந்தக் கைக்கு, எந்தத் திசைக்கு என்று மூன்றையும் கட்டாயம் எழுத வேண்டும். செய்த மெக்கானிக் உயிரோடு இருந்தால் ஏன் அப்படிச் செய்தார் என்றும் கேட்க வேண்டும். பலர் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பவர்களுக்கு என்னைவிட வயது கூட. பழைய இரும்புக்காரர் பித்தளைக்கு நல்ல விலை கொடுக்கிறபடியால், வருகிறவர்கள் இந்த வருடமே வருவது நல்லது.